மனைவியின் குடும்பப் பெயரைக் கணவர் ஏற்பது பற்றி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

திருமணத்துக்குப் பின் மனைவியின் குடும்பப் பெயரைக் கணவர் ஏற்றுக்கொள்ள வழிவிடாத சட்டப்பிரிவு செல்லாது என்று தென்னாப்பிரிக்காவின் அரசமைப்பு நீதிமன்றம் 2025 செப்டம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. இச்செய்தியை அறிந்தவர்களில் பலர் இதை ஒரு விநோதமாகவே எடுத்துக்கொண்டு கடந்துவிட்டார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் "இதற்கெல்லாமா நீதிமன்றம்?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை உண்டு என்று நம்புவதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

வழக்கின் விவரம் எளிமையானது. அந்நாட்டின் 1992-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, திருமணமாகும் பெண் கணவரின் குடும்பப் பெயரை ஏற்கலாம், தாம் முன்பு கொண்டிருந்த பெயருக்குத் திரும்பலாம், அல்லது இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். எதற்கும் தனி அனுமதி வேண்டியதில்லை. ஆணுக்கு இந்த வழிகளில் ஒன்றுகூட இருக்கவில்லை. அவர் உள்துறையின் தலைமை இயக்குநருக்கு விண்ணப்பித்து, போதுமான காரணம் காட்டி, ஒப்புதல் பெற்றாக வேண்டியிருந்தது. மனைவியின் பெயரை ஏற்க விரும்பிய ஒருவரும், மனைவியின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொள்ள விரும்பிய இன்னொருவரும் தத்தம் மனைவியரோடு சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். உயர் நீதிமன்றத்தில் அவர்களுக்குக் கிடைத்த வெற்றியை அரசமைப்பு நீதிமன்றம் உறுதி செய்தது. பொறுப்பு வகிக்கும் அமைச்சர்கள் வழக்கை எதிர்க்கவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு 24 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது.

முதற்பார்வைக்கு இது ஆண்களின் குறையாகத் தோன்றும். பெண்ணுக்குக் கொடுத்த ஒரு வசதியை ஆணுக்கு மறுத்தது சட்டம். ஆகவே பாதிக்கப்பட்டவர் ஆண் என்று முடித்துவிடலாம். ஆனால் அந்தச் சட்டம் பெண்ணுக்கு எதைக் கொடுத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பெண்ணின் பெயர் எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது, அதற்குக் காரணம்கூடத் தேவையில்லை. ஆணின் பெயரோ அசையாதது, அதை அசைக்க அரசு அதிகாரியின் மனம் இரங்க வேண்டும். இதுதான் அந்தச் சட்டத்தின் உட்பொருள். கணவரின் கதவை அடைத்ததன் மூலம், பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியவர் மனைவிதான் என்பதை அது சொல்லாமல் சொல்லிவிட்டது. ஒரு குடும்பம் ஒரே பெயரோடு வாழ விரும்பினால், அதற்காகப் பெயரை விட வேண்டியவர் யார் என்ற கேள்வி அங்கே கேட்கப்படுவதற்கு முன்பே விடை எழுதப்பட்டுவிட்டது. இருவரில் ஒருவருக்கு மட்டும் திறந்திருக்கும் வழியைத் தெரிவு என்று சொல்வது பொருந்தாது. என் வாதத்தின் மையம் இதுவே: மனைவியின் பெயரை எத்தனை கணவர்கள் ஏற்பார்கள் என்பது முக்கியமன்று, அந்த வழி அவர்களுக்கும் அதே எளிமையோடு திறந்திருந்தால்தான், கணவரின் பெயரை ஏற்கும் மனைவியின் முடிவும் உண்மையில் அவருடைய முடிவாகும்.

இதை மறுப்பவர்கள் முதலில் எடுப்பது மரபு என்னும் வாதம். காலங்காலமாக வந்ததை ஏன் கலைக்க வேண்டும் என்கிறார்கள். மரபை மதிக்கிறவன் என்ற முறையிலேயே அந்த மரபின் வயதைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்கிறேன். தென்னாப்பிரிக்க நீதிமன்றமே தன் தீர்ப்பில் இதைத் தொட்டிருக்கிறது: பல ஆப்பிரிக்கச் சமூகங்களில் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த பெயரையே வைத்திருந்தார்கள், பிள்ளைகள் தாயின் குலப் பெயரைப் பெறுவதும் இருந்தது, ஐரோப்பியக் குடியேற்றக்காரர்களும் சமயப் பரப்புநர்களும் வந்த பிறகே கணவர் பெயர் வழக்கம் நிலைபெற்றது. ஜப்பானின் கதை இன்னும் துலக்கமானது. அங்கே பொதுமக்கள் அனைவரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1875-இல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு, அதாவது 1876-இல், மனைவி தன் பிறந்த குடும்பத்தின் பெயரையே தொடர வேண்டும் என்று அரசு ஆணையிட்டது. மனைவி கணவர் வீட்டின் பெயரை ஏற்க வேண்டும் என்ற விதி 1898-ஆம் ஆண்டுக் குடிமைச் சட்டத்தோடுதான் வந்தது. இன்று அந்நாட்டில் பழம்பெரும் மரபென்று போற்றப்படுவது, இப்படி ஒரு சட்டநூலின் வழியாக வந்து சேர்ந்ததே. பிரான்சில் புரட்சிக் காலத்தில், 1794-இல், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கக் கூடாது என்று சட்டம் இயற்றினார்கள். அதன்படி திருமணத்தால் எவருடைய சட்டப்பெயரும் மாறுவதில்லை. கணவர் பெயரை மனைவி வழங்கியதெல்லாம் புழக்கத்தில் மட்டுமே. மனைவியின் பெயரை அதேபோல் கணவரும் புழங்கலாம் என்று 2013-இல் சட்டமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

மனைவியின் பெயரைக் கணவர் ஏற்பதும் நம் காலத்தின் கண்டுபிடிப்பன்று. இங்கிலாந்தில் ஹியூ ஸ்மித்சன் என்பவர் 1740-இல் பெர்சி குடும்பச் சொத்துகளுக்கு வாரிசாக வரவிருந்த பெண்ணை மணந்தார். 1750-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாகவே தம் பெயரைப் பெர்சி என்று மாற்றிக்கொண்டு, பின்னர் நார்த்தம்பர்லாந்து கோமகன் ஆனார். அக்காலத்து உயர்குடியினர் இப்படிப் பெயர் மாற்றிக்கொண்டது அரிதன்று. குடும்பப் பெயரை ஏற்றால்தான் சொத்து என்று உயிலில் நிபந்தனை எழுதிவைப்பதும் உண்டு. ஜப்பானில் ஆண் வாரிசு இல்லாத குடும்பங்கள் மருமகனையே தத்துப்பிள்ளையாக ஏற்றுக் குடும்பப் பெயரைத் தொடர்வது நெடுங்கால வழக்கம். சுசூகி நிறுவனத்தைப் பல பத்தாண்டுகள் நடத்தி 2024 டிசம்பரில் மறைந்த ஒசாமு சுசூகி பிறப்பால் மட்சுதா. நிறுவனரின் பேத்தியை மணந்து அந்தக் குடும்பப் பெயரை ஏற்றவர். இயற்பியல் மாணவர்கள் அனைவரும் அறிந்த ஹிதேகி யுகாவா பிறந்தது ஒகாவா குடும்பத்தில். 1932-இல் திருமணமாகி மனைவியின் குடும்பத்தில் சேர்ந்தபோது யுகாவா ஆனார். 1935-இல் அணுக்கருவைப் பிணைக்கும் விசையைப் பற்றிய கோட்பாட்டை வெளியிட்டார். 1949-இல் நோபல் பரிசு பெற்ற முதல் ஜப்பானியர் ஆனார். அறிவியல் நூல்களில் நிலைத்துவிட்ட அந்தப் பெயர் அவருடைய மனைவி வீட்டுப் பெயர். அதனால் அவருடைய ஆண்மையோ அறிவோ பெருமையோ ஒரு சிறிதும் குறைந்ததாக எவரும் சொன்னதில்லை.

இந்த எடுத்துக்காட்டுகளை நான் ஒரு காரணத்தோடுதான் குறிப்பிடுகிறேன். நிலமும் நிறுவனமும் குடும்பப் பரம்பரையும் பின்னால் நின்றபோது, மனைவியின் பெயரைக் கணவர் ஏற்பதைச் சமூகம் கௌரவமாகவே கருதியது. சொத்து எதுவும் இல்லாமல், மனைவியின் மீதுள்ள மதிப்பினால் மட்டும் ஒருவர் அதைச் செய்யும்போதுதான் அது இழிவாகப் பார்க்கப்படுகிறது. இதைவிட வருத்தமான ஒரு கணக்கை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொத்துக்காகப் பெயரை மாற்றலாம், அன்புக்காக மாற்றக் கூடாது என்று சொல்கிற வழக்கத்தை மரபு என்று போற்ற எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து, ஆண்மை பற்றிய வாதம். மற்ற வாதங்கள் பெரும்பாலும் இதற்குப் போர்த்திய போர்வைகள் என்றே எனக்குத் தோன்றுவதால் இதைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். மனைவியின் பெயரை ஏற்கும் கணவர் அடங்கிப்போனவர், தன் தந்தையை மறந்தவர், தன் வேரை அறுத்துக்கொண்டவர் என்று சொல்லப்படுகிறது. அப்படியானால், பெயரை விடுவது அடங்கிப்போவது என்றால், தலைமுறை தலைமுறையாகப் பெண்களிடம் நாம் எதிர்பார்த்தது எதை? பெயரை விடுவது தந்தையை மறப்பது என்றால், ஒவ்வொரு மணமகளும் திருமண நாளில் தன் தந்தையை மறக்க வேண்டும் என்றா விரும்பினோம்? "இல்லை, பெண் அதை அன்பினால் செய்கிறாள், குடும்ப ஒற்றுமைக்காகச் செய்கிறாள்" என்று மறுமொழி வரும். நல்லது. அது அன்பின் செயல் என்றால் ஆண் செய்தாலும் அன்பின் செயலே. குடும்ப ஒற்றுமைக்கான செயல் என்றால் ஆண் செய்தாலும் ஒற்றுமைக்கான செயலே. ஒரே செயல் மனைவி செய்யும்போது அன்பாகவும் கணவர் செய்யும்போது அவமானமாகவும் இருக்க முடியாது. இரண்டில் ஒன்றை நாம் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: அது அவமானம் என்றால் பெண்ணிடம் கேட்பதை நிறுத்த வேண்டும், அவமானம் இல்லையென்றால் ஆணைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்த வேண்டும்.

குடும்ப ஒற்றுமை என்ற காரணத்தை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1994-இல் நேருக்கு நேர் சந்தித்தது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஒரு தம்பதி ஜெர்மனியில் மணந்து, மனைவியின் பெயரைக் குடும்பப் பெயராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கணவர் அதற்கு முன்னால் தம் பிறந்த பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்ள விரும்பினார். குடும்பப் பெயருக்கு முன்னால் பிறந்த பெயரைச் சேர்க்கும் உரிமை மனைவிக்கு இருந்தது, கணவருக்கு மறுக்கப்பட்டது. மனைவியின் பெயரோடு கணவர் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டால் அந்தக் குடும்பத்தின் ஒற்றுமை, இதற்கு நேர்மாறான ஏற்பாட்டைவிட எந்த வகையில் குறைவாக வெளிப்படும் என்பதை அரசால் காட்ட இயலவில்லை. நீதிமன்றம் கணவர் பக்கம் நின்றது. பத்தாண்டுகள் கழித்து, 2004-இல், துருக்கியில் தன் சொந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள விரும்பிய பெண் வழக்கறிஞர் ஒருவரின் வழக்கிலும் அதே நீதிமன்றம் இதே தடத்தில் சென்றது. முதல் வழக்கில் ஆணும் இரண்டாவதில் பெண்ணும் வென்றார்கள். இவை இரண்டும் ஒரே உரிமையின் இரு பக்கங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

சட்டம் நேரடியாகத் தடை செய்யாத இடங்களிலும் நடைமுறை எப்படித் தடையாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு கணவர் தம் மனைவியின் பெயரை ஏற்க விரும்பியபோது, மணமகள் திருமண உரிம விண்ணப்பத்திலேயே செய்து முடிக்கும் காரியத்துக்கு அவர் நீதிமன்றத்தில் மனுச் செய்து, முந்நூறு டாலருக்கு மேல் கட்டணம் கட்டி, நான்கு வாரம் செய்தித்தாளில் அறிவிப்பு வெளியிட்டு, நீதிபதியின் ஆணையைப் பெற வேண்டியிருந்தது. அந்தத் தம்பதி 2006-இல் வழக்குத் தொடுத்தார்கள். அதன் விளைவாக 2007-இல் பெயர்ச் சமத்துவச் சட்டம் நிறைவேறி, 2009 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. புளோரிடாவில் நடந்தது இன்னும் வேதனைக்குரியது. மனைவியின் குடும்பப் பெயர் தொடர வேண்டும் என்று விரும்பி அதை ஏற்றுக்கொண்ட ஒருவர், திருமணச் சான்றிதழைக் காட்டி ஓட்டுநர் உரிமத்தை மாற்றிக்கொண்டார். ஓராண்டுக்கும் மேலான பின்னர், மோசடியாக உரிமம் பெற்றதாகக் குற்றம்சாட்டி அவருடைய உரிமத்தை இடைநிறுத்தினார்கள். திருமணத்தால் பெயர் மாறும் வழி பெண்களுக்கு மட்டுமே என்று அவரிடம் சொல்லப்பட்டது. செய்தி வெளியான பின்னரே, 2013-இல், அந்த நடவடிக்கை கைவிடப்பட்டது. அதே சான்றிதழோடு அதே சாளரத்தில் ஒரு பெண் நின்றிருந்தால் சில நிமிடங்களில் முடிந்திருக்கும் வேலை அது.

பெயர் என்பது வெறும் அழைப்பொலி, அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்பவர்களுக்கு, பெயர் எப்போதும் உரிமைகளைத் தாங்கியே வந்திருக்கிறது என்பதை நினைவுபடுத்த விரும்புகிறேன். அடிமை ஒழிப்புக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் போராடிய அமெரிக்கரான லூசி ஸ்டோன் 1855-இல் மணம் செய்துகொண்டபின் தம் பெயரையே வைத்துக்கொண்டார். 1879-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் பள்ளிக் குழுத் தேர்தலில் மட்டும் பெண்கள் வாக்களிக்க இடம் தந்தபோது, வாழ்நாளெல்லாம் அந்த உரிமைக்காகப் பேசிய அவருக்கு வாக்கு மறுக்கப்பட்டது. கணவரின் பெயரில் பதிவு செய்ய அவர் இசையவில்லை என்பதே காரணம். பெயரும் குடியுரிமையும் பிணைந்திருப்பதை அவர் அறிந்திருந்தார். அதனால்தான் வாக்கை இழந்தும் பெயரை விடவில்லை.

இனி, ஆவணங்களில் குழப்பம் வரும், குற்றவாளிகளும் கடனாளிகளும் பெயரை மாற்றிக்கொண்டு தப்புவார்கள் என்னும் அச்சம். நிர்வாகத்தை அறிந்தவர்கள் சொல்லும்போது இதைப் புறந்தள்ளக் கூடாது. ஆனால் உலகெங்கும் கோடிக்கணக்கான பெண்கள் திருமணத்தின்போது பெயரை மாற்றியே வந்திருக்கிறார்கள். அவர்களுடைய கல்விச் சான்றுகளையும் வங்கிக் கணக்குகளையும் கடவுச்சீட்டுகளையும் பழைய பெயரோடு இணைத்துப் பார்க்கும் முறைகள் எல்லாம் ஏற்கெனவே உள்ளன. பெண்ணின் பெயர் மாற்றத்தைக் கையாளத் தெரிந்த அலுவலகம் ஆணின் பெயர் மாற்றத்தையும் கையாளும். அந்த முறைகளில் ஓட்டை இருந்தால் இருவருக்குமாக அதை அடைக்க வேண்டும். இதில் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது: ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, பழைய பெயரும் புதிய பெயரும் ஒருவருக்குரியவையே என்று மெய்ப்பிக்கும் அலைச்சலைக் கணவர்களும் பட்டிருந்தால், அந்தப் படிவங்கள் எப்போதோ எளிமையாகியிருக்கும். பழைய பெயரில் ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய ஒரு பெண் புதிய பெயரில் தொடங்கும்போது எதை இழக்கிறார் என்பதும் இன்னும் பரவலாகப் பேசப்பட்டிருக்கும். மேலே சொன்ன சுவிட்சர்லாந்துக் கணவர் கல்வித்துறையைச் சார்ந்தவர். பழகிய பெயரை இழப்பது அவருடைய பணியைப் பாதிக்கும் என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. எத்தனையோ பெண்களுக்கு அதே இழப்பு ஓசையின்றி நேர்ந்திருக்கிறது.

பிள்ளைகளின் பெயர் பற்றிய கவலைக்கு நீண்ட விடை வேண்டியதில்லை. குடும்பத்துக்கு ஒரே பெயர் இருந்தால் பிள்ளைக்கும் அதுவே. அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதால் பிள்ளைக்குக் குழப்பம் எதுவும் வருவதில்லை. இருவரும் தத்தம் பெயரையே வைத்திருக்கும் குடும்பங்களில்தான் கேள்வி எழுகிறது. அதற்கும் நாடுகள் வழி கண்டிருக்கின்றன. இத்தாலியின் அரசமைப்பு நீதிமன்றம் 2022-இல், தந்தையின் பெயர் மட்டும் தானாகவே பிள்ளைக்குச் செல்லும் விதியைச் செல்லாததாக்கி, பெற்றோர் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாவிட்டால் இருவர் பெயரையும் பிள்ளை பெற வேண்டும் என்றது.

"யாருமே பெயரை மாற்றாமல் இருந்துவிட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த எதிர்வாதம் இதுவே. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1981 முதல் கணவரும் மனைவியும் பிறந்த பெயரிலேயே தம் குடிமை உரிமைகளைச் செலுத்த வேண்டும்; திருமணம் எவர் பெயரையும் மாற்றுவதில்லை. சமத்துவத்துக்கு இது நேரான பாதை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரே பெயரோடு வாழ வேண்டும் என்று மனமார விரும்பும் இருவருக்கு அந்தப் பாதை அடைக்கப்பட்டிருப்பது எனக்கு நெருடலாகவே உள்ளது. தந்தையிடம் துன்பம் மட்டுமே கண்ட ஒருவர் அவருடைய பெயரை உதறிவிட்டுத் தம்மை அன்போடு ஏற்ற குடும்பத்தின் பெயரைத் தாங்க விரும்பலாம். மனைவியின் முன்மணத்துப் பிள்ளைகளோடு ஒரே பெயரில் வாழ ஒருவர் விரும்பலாம். தனக்குப் பின் அந்தப் பெயரைச் சொல்ல யாருமில்லை என்று மனைவி வருந்துவதைக் கண்டு ஒருவர் முன்வரலாம். அந்தப் பெயர் பிடித்திருக்கிறது என்பதே காரணமாகவும் இருக்கலாம். இவற்றில் எது போதுமான காரணம் என்று தீர்மானிப்பது எந்த அலுவலரின் வேலையும் அன்று. மனைவியிடம் நாம் காரணம் கேட்டதில்லை. கணவரிடம் மட்டும் கேட்பது ஏன்?

சட்டம் மாறினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் கற்பனை செய்யவில்லை. ஜப்பானின் இன்றைய குடிமைச் சட்டத்தின் 750-ஆம் பிரிவு, மணம் செய்வோர் கணவரின் பெயரையோ மனைவியின் பெயரையோ ஏற்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. எழுத்தளவில் அதில் பாகுபாடே இல்லை. ஆனால் பெயரை விடுபவர் நூற்றில் ஏறத்தாழ 95 இணைகளில் மனைவியாகவே இருக்கிறார். தத்தம் பெயரையே இருவரும் வைத்துக்கொள்ள அங்கே இடமில்லை. இந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானதன்று என்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 2015-இலும் 2021-இலும் கூறியது; 2015-இல் அந்த அமர்வில் இருந்த மூன்று பெண் நீதிபதிகளும் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்றே கருதினார்கள். ஜெர்மனி வேறு விதமாக நகர்ந்தது. 1976-இல் மனைவியின் பெயரையும் குடும்பப் பெயராகத் தேர்ந்தெடுக்க இடம் தந்தார்கள். ஆனால் இருவரும் ஒன்றையும் தெரிவிக்காவிட்டால் கணவரின் பெயரே என்று வைத்திருந்தார்கள். அந்த ஒரு வரியே பழைய வழக்கத்தை உயிரோடு வைத்திருந்தது. 1991-இல் அந்நாட்டின் அரசமைப்பு நீதிமன்றம் அதை நீக்கியது. 2025 மே மாதம் முதல் இருவரும் சேர்ந்து இரட்டைப் பெயர் தாங்கவும் வழி பிறந்துள்ளது. அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2023-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, ஆணை மணந்த பெண்களில் 79 விழுக்காட்டினர் கணவரின் பெயரை ஏற்றிருக்க, பெண்ணை மணந்த ஆண்களில் 5 விழுக்காட்டினரே மனைவியின் பெயரை ஏற்றிருக்கிறார்கள்.

இந்த எண்களைக் காட்டி, கேட்பவர்களே குறைவாக இருக்கும்போது உரிமை எதற்கு என்று சொல்வார்கள். குறைவாக இருப்பதற்கான காரணங்களில் சட்டமும் ஏளனமும் அடக்கம் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். உறவினர் கூட்டத்தில் எழும் சிரிப்பும், அலுவலகத்தில் எழும் கேலியும், தந்தையின் முகவாட்டமும் ஒருவரை எவ்வளவு தூரம் பின்வாங்கச் செய்யும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மனைவியின் பெயரை ஏற்க மனத்தளவில் முடிவு செய்துவிட்டு, பிறர் பேச்சுக்கு அஞ்சிக் கைவிட்டவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை.

தங்கள் நாளிதழுக்கும் என் பணிவான வேண்டுகோள் ஒன்று உண்டு. இத்தகைய செய்திகளை வெளியிடும்போது, விநோதம் என்ற தொனியைத் தவிர்த்து, அந்தத் தம்பதி எதைக் கேட்டார்கள், சட்டம் எதை மறுத்தது, நீதிமன்றம் என்ன காரணம் சொன்னது என்பதை விரிவாக எழுத வேண்டுகிறேன். ஒருவர் தம் வாழ்வின் மிக அந்தரங்கமான முடிவை நீதிமன்றத்தில் வைத்து வாதாட வேண்டியிருந்தது என்பதே போதுமான பாரம். அதன்மேல் நம் சிரிப்பையும் ஏற்ற வேண்டாம்.

சட்டம் இயற்றும் இடங்களில் இருப்பவர்களுக்கும் சில சொற்கள். திருமணப் பதிவுப் படிவத்தில் இருவரிடமும் ஒரே கேள்வி, ஒரே வரியில், ஒரே கட்டணத்தோடு கேட்கப்பட வேண்டும்: திருமணத்துக்குப் பின் நீங்கள் தாங்க விரும்பும் பெயர் எது? அந்த இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டால் அவரவர் பெயர் அவரவருக்கே என்று கொள்ள வேண்டும். ஜெர்மனியின் பழைய விதியைப் போல அதற்குள் கணவரின் பெயரை நுழைத்துவிடக் கூடாது. பெயர் மாற்றத்துக்கான சான்றாகத் திருமணச் சான்றிதழ் மனைவிக்குப் போதுமென்றால், வங்கியும் கடவுச்சீட்டு அலுவலகமும் உரிமம் வழங்கும் அலுவலகமும் கணவருக்கும் அதையே போதுமென்று கொள்ள வேண்டும். மணமுறிவு நேர்ந்தாலோ துணையை இழந்தாலோ, ஏற்ற பெயரைத் தொடரவும் பழைய பெயருக்குத் திரும்பவும் மனைவிக்கு உள்ள உரிமை, மனைவியின் பெயரை ஏற்ற கணவருக்கும் எந்த விளக்கமும் கேட்கப்படாமல் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்